பொய்க்குரலுக்கு ஏற்ற பாட்டு

ஆலையில் அவரை எதிரொலி என்றுதான் சொல்வார்கள். கார்க் கதவுகளின் ஓரத்தில் ஒட்டுகிற ரப்பர் பட்டை செய்யும் ஆலை அது. மேலாளர் ஜப்பான்காரர். அவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார்; இடப்பக்கம் ஓரடி தள்ளி நிற்கும் எதிரொலி அதையே தமிழில் சொல்வார். யாராவது தமிழில் பதில் சொன்னால் அது ஜப்பானிய மொழியில் மேலாளருக்குப் போகும். மேலாளர் கும்பிடு போட்டாலும் இவர் சேர்ந்து கும்பிட்டுவிடுவார் என்று வெட்டுப் பிரிவில் ஒரு கேலி உண்டு. அது பொய்யும் இல்லை.

எய்தவன் இருக்க அம்பை நொந்து என்ன பயன் என்பார்கள். எய்தவன் பேசுவது யாருக்கும் புரியாதபோது அம்பைத்தானே நோக முடியும். இரவு முறையைக் கூட்டியதும், தேநீர் இடைவேளையைக் குறைத்ததும் எதிரொலியின் வாய் வழியாகத்தான் வந்தன. "அந்த ஆள் வாயைத் திறந்தாலே நமக்கு ஒரு கேடு" என்று பெண்கள் அவர் காதுபடவே சொல்வார்கள். அவர் கேட்காத மாதிரி நடந்துவிடுவார்.

விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. ஆலையின் செலவில் இரண்டு வருடம் மொழி படித்தவர். அதற்குப் பன்னிரண்டு வருடம் வேலை பார்ப்பதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். எட்டு முடிந்து நான்கு மீதி. இருக்கிற வீடும் ஆலையின் குடியிருப்பு. இரண்டு அறை, ஒரு சமையலறை, நிற்க மட்டும் இடமுள்ள ஒரு பால்கனி. அடுத்த வீட்டில் தும்மினால் இங்கிருந்தே நூறு ஆயுசு சொல்லலாம், அப்படிப்பட்ட சுவர். மனைவிக்கும் அதே ஆலையில்தான் வேலை. பட்டைகளை விரலால் தடவிப் பார்த்துப் பிசிறு கண்டுபிடிக்கும் பிரிவு. அவளுடைய தம்பி வெட்டுப் பிரிவில். அவனை அங்கே சேர்த்துவிட்டதே எதிரொலிதான்.

அந்த வருடம் கார் விற்பனை படுத்தது. முதல் சுற்றில் நாற்பத்தொரு பேரை எடுத்தார்கள். ஒவ்வொருவராக ஒரு சிறிய அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மேலாளர், பக்கத்தில் எதிரொலி, இந்தப் பக்கம் காலி நாற்காலி. இருபத்தெட்டாவதாக மச்சினன் வந்து உட்கார்ந்தான்.

மேலாளர் சொன்னதை இவர் சொன்னார். இதற்குள் மனப்பாடமாகியிருந்தது. உங்கள் உழைப்புக்கு நன்றி, ஆலை உங்களை இனிமேல் வைத்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறது, வருந்துகிறோம்.

மச்சினன் மேலாளரைப் பார்க்கவே இல்லை. "மாமா, இது நீங்க சொல்றதா, அவர் சொல்றதா?" என்று கேட்டான்.

கேள்வி எதுவானாலும் மொழிபெயர்க்க வேண்டும் என்பது விதி. மொழிபெயர்த்தார். மேலாளர் நேர்மையான மனிதர். நெஞ்சில் கை வைத்து, பொறுப்பு முழுவதும் தன்னுடையதுதான் என்றார். ஆனால் பேசுகிறவர் "நான்" என்றால் மொழிபெயர்ப்பவரும் "நான்" என்றுதான் சொல்லியாக வேண்டும். அதுவும் விதி.

"நான்தான் சொல்றேன்," என்றார் எதிரொலி. "முழுப் பொறுப்பும் என்னோடது."

மேலாளர் நீட்டிய பணிநீக்கக் காகிதத்தை மச்சினன் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனான். தனி ஆட்களுக்கான விடுதியை அவன் காலி செய்ய வேண்டியிருந்தது. போக்கிடம் அக்கா வீடுதான். பாயும் பெட்டியுமாக வந்து முன்னறையில் தங்கினான். அன்றிலிருந்து எதிரொலியோடு பேச்சில்லை. உப்பு வேண்டுமானாலும் அக்காவைத்தான் கேட்பான், டப்பா மாமாவின் கையருகில் இருந்தாலும்.

பத்து நாளில் எதிரொலியின் குரல் போயிற்று. ரப்பரை அச்சில் அழுத்தும் ஒரு புது இயந்திரத்தை எப்படி நிறுத்துவது என்று அதன் இரைச்சலுக்கு மேலே கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி வாக்கியத்தில் தொண்டைக்குள் துணி கிழிந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு காற்றுதான் வந்தது.

மருத்துவர் மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார். "கையில காய்ப்புக் காய்க்கும் இல்ல, அது மாதிரி குரல் நாண் ரெண்டுலயும் காய்ச்சிருக்கு. எட்டு வருஷமா மெஷினோட போட்டி போட்டுக் கத்தியிருக்கீங்க. ரெண்டு வாரம் வாயைத் திறக்கக் கூடாது. அப்புறம் பயிற்சி."

பயிற்சி கொடுத்த பெண் சிரித்த முகம். சாதாரணக் குரலில் பேசினால் நாண்கள் மோதிக்கொள்ளும், பொய்க்குரலில் ஓரம் மட்டும்தான் உரசும் என்று இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டி விளக்கினாள். "அதாவது ஆம்பளைங்க பொம்பளை மாதிரி மேல போய்ப் பாடுவாங்களே, அந்தக் குரல். அழுத்தவே கூடாது. ஊதற மாதிரி விடணும். தினம் இருபது நிமிஷம். வெறும் ஊ, ஆன்னு பண்ணினா நாலு நாள்ல சலிச்சுப் போயிடும் சார். பாட்டா எடுத்துக்குங்க."

வீட்டில் முயன்று பார்த்தார். குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, ஒரு "ஊ" விட்டார். முன்னறையில் மச்சினன் பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சியின் சத்தம் நின்றது. இன்னொரு "ஊ". மாலையில் மேல்வீட்டுக்காரி இறங்கி வந்து, "உங்க வீட்ல பூனை எதுவும் மாட்டிக்கிச்சா?" என்று அவர் மனைவியிடம் விசாரித்தாள்.

"இல்லைங்க, அது இவருதான்," என்றாள் மனைவி. வேறு என்ன சொல்வாள்.

மேலாளரிடம் அவர் ஒரு சிறு நோட்டில் ஜப்பானிய எழுத்தில் எழுதிக் காட்டியே வேலையை ஓட்டினார். பயிற்சியைப் பற்றியும் எழுதிக் காட்டினார். மேலாளர் யோசித்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். ஆலையின் விருந்தினர் விடுதியில் கரோக்கி அறை ஒன்று இருந்தது. ஜப்பானிலிருந்து வரும் அதிகாரிகள் பாடுவதற்காகக் கட்டியது. "சனிக்கிழமை மதியம், புதன் மாலை, யாரும் இருக்க மாட்டார்கள். தாராளமாகப் பாடுங்கள். நீங்கள்தான் என் வாய். அடுத்த மாதக் கடைசிக்குள் எனக்கு அந்த வாய் வேண்டும்," என்றார்.

அடுத்த மாதக் கடைசியில் என்ன என்று எதிரொலி எழுதிக் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. நாலு சுவரிலும் கருஞ்சிவப்பு மெத்தை தைத்திருந்தது. கதவு கனமானது, சாத்தினால் காது அடைத்துக்கொள்ளும். ஒரு திரை, இரண்டு ஒலிவாங்கி, பாட்டைத் தேடித் தொடுகிற ஒரு பலகை. பல்லாயிரம் பாட்டு, அத்தனையும் ஜப்பானியப் பாட்டு. சுருதியை ஏற்றவும் இறக்கவும் ஒரு பொத்தான். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா வந்து விளக்கைப் போட்டாள். ஐம்பதைத் தொடுகிற வயது, இடுப்பில் சாவிக்கொத்து, எதையும் பாதி சிரிப்போடு சொல்கிற ஆள்.

"தனியா உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போக எனக்கு உத்தரவு இல்ல சார். நானும் உட்காருவேன். துணி மடிக்கிற வேலை இருக்கு."

முதல் சனிக்கிழமை அவர் எடுத்தது மேலாளருக்குப் பிடித்த வகைப் பாட்டு. துறைமுகம், மது, பிரிந்துபோன பெண். ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் தொண்டையை இறுக்கி ஒரு நடுக்கம் கொடுக்க வேண்டும். பொய்க்குரலில் அந்த நடுக்கம் வரவில்லை. அழுத்தினார். இருமல்தான் வந்தது.

அக்கா தலையணை உறையை உதறியபடியே சொன்னாள்: "ஆட்டுக்குட்டி தண்ணித்தொட்டியில விழுந்த மாதிரி இருக்கு சார்."

அடுத்து இளம்பெண்கள் கூட்டமாகப் பாடும் துள்ளல் பாட்டு ஒன்று. சுருதி உயரம்தான், ஆனால் மூச்சுவிட இடமே இல்லை. சொற்கள் எறும்புச் சாரை மாதிரி வந்துகொண்டே இருந்தன. இரண்டாவது வரியிலேயே பாட்டு அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. மூன்றாவது, மலையுச்சியில் நின்று கத்துகிற மாதிரி ஒன்று. அதைக் கேட்ட மாத்திரத்தில் நிறுத்தினார். கத்தினால் காய்ப்பு.

நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார். வேகம், ஒருவன் சாவகாசமாக நடக்கும் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. தாழ்வாகத் தொடங்கி, பல்லவியில் ஒரே தாவலாக மேலே போக வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் பாட்டில் எங்கே சொந்தக் குரல் முடிந்து எங்கே பொய்க்குரல் தொடங்குகிறது என்பது குழம்பிவிடுகிறது, குழம்பினால் அழுத்திவிடுகிறார். மேலே போய்ச் சேரும் சொல் "ஊ" அல்லது "ஓ" என்று முடிய வேண்டும். "ஈ" என்று முடிந்தால் தொண்டை இறுகுகிறது. ஜப்பானியச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில்தான் முடியும். அது பெரிய வசதி. ஒரு பாட்டுக்கு மூன்று தடவை சுருதி மாற்றிப் பார்த்து, எந்த எண்ணில் சரியாக வருகிறது என்று பக்கத்தில் எழுதினார்.

"தமிழ்ப் பாட்டு இருந்தா நானும் ரசிப்பேன்ல," என்றாள் அக்கா.

அவர் நோட்டில் எழுதிக் காட்டினார்: தமிழ்ல பாடினா பழைய குரல் வந்துடும். சின்ன வயசிலிருந்து பாடின பழக்கம்.

அக்கா படித்துவிட்டுத் தலையாட்டினாள். "அதுவும் சரிதான். என் வீட்டுக்காரர் இப்படித்தான். எங்கேயோ ஆரம்பிச்சாலும் பழைய சண்டையிலதான் வந்து நிப்பார்."

நான்காவது வாரம் ஒரு பாட்டு கிடைத்தது. ரயில்வே கேட் மூடியிருக்கிறது; அந்தப் பக்கம் நிற்கும் ஒருத்தியிடம் இந்தப் பக்கம் நிற்கும் ஒருவன் ஏதோ சொல்ல வேண்டும்; ரயில் போய்க்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான் பாட்டு. தாழ்வாக, பேசுவது போலத் தொடங்கி, அவன் அவளைக் கூப்பிடும் இடத்தில் ஒரு தாவல், "ஓ" என்று நீண்டு நிற்கும். சுருதியை இரண்டு புள்ளி இறக்கிப் பாடினார். தாவல் வந்தது. பிசிறு இல்லை, காற்று இல்லை. தன் மண்டைக்குள் யாரோ ஒரு விளக்கை நகர்த்தி வைத்த மாதிரி இருந்தது அவருக்கு.

அக்காவின் கை துண்டின் மேல் நின்றது. "இது ஆட்டுக்குட்டி இல்ல," என்றாள்.

"இல்லைதானே," என்றார் எதிரொலி.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. ஐந்து வாரத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் சொல். மெல்லிய குரல், ஆனால் முழுக் குரல். பயிற்சிப் பெண்ணும் அடுத்த நாள் கேட்டுவிட்டு, "நல்லா வந்துடுச்சு. கத்தாம மெதுவா பேசலாம் சார்," என்றாள்.

வெளியே வந்தவர் நேராக மேலாளரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவும் கிளம்பினார். அறைக்குள் நுழைந்ததும் மேலாளர் ஒரு உறையைக் கொடுத்து, தமிழில் எழுதித் தரும்படி கேட்டார். இரண்டாவது சுற்றுக்கான பட்டியல். அறுபத்திரண்டு பேர். இந்த முறை ஒவ்வொருவராகக் கூப்பிடப் போவதில்லை; மாதத்தின் இருபத்தேழாம் நாள் உணவுக்கூடத்தில் எல்லோரையும் கூட்டி ஒரே தடவையில் அறிவிப்பு. "அதற்குள் உங்கள் குரல்?" என்று மேலாளர் ஆவலோடு கேட்டார்.

எதிரொலி நோட்டை எடுத்தார். இன்னும் ஒரு மாதமாவது ஆகும் என்று எழுதினார்.

ஒரு பொய்யை எழுதியாகிவிட்டது. இனி அதற்குள்தான் குடியிருந்தாக வேண்டும். ஆலையில் ஊமை என்றால் குடியிருப்பிலும் ஊமை. குடியிருப்பில் ஊமை என்றால் வீட்டுக்குள்ளும் ஊமை, ஏனென்றால் சுவர் அப்படி, முன்னறையில் மச்சினன் வேறு. மனைவியிடம் மட்டுமாவது சொல்லலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தார். சொன்னால் எதற்காக நடிக்கிறீர்கள் என்பாள். பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். பட்டியலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற நான்கு பேர் இருந்தார்கள். மென்று விழுங்கினார்.

அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். கணவன் பேசாமல் இருப்பது அவளுக்கு ஒருவகையில் பழகிவிட்டிருந்தது. "ஒரு வார்த்தை சொல்ல முடியாத மனுஷன்கிட்ட எல்லாத்தையும் கொட்டறேன் பாருங்க. தம்பியும் பேசறதில்ல, நீங்களும் பேச முடியல. சுவத்தோட வாழற மாதிரி இருக்கு," என்றாள் ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே. அவர் அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி மீதியை நறுக்கினார்.

எதிர்வீட்டில் பளுதூக்கி வண்டி ஓட்டுகிறவர் இருந்தார். பட்டியலில் பத்தொன்பதாவது பெயர். அந்த வாரம் அவர் தன் முன்னறைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்துவைத்து, கையில் தூரிகையோடு எதிரொலியைக் கூப்பிட்டார்.

"சார், வாங்க. பேச வேண்டாம், கையை மட்டும் காட்டுங்க. இந்தப் பக்கம் மஞ்சள், இந்தப் பக்கம் இளம்பச்சை. எது நல்லாருக்கு? வீட்டுக்காரிக்கு மஞ்சள், எனக்குப் பச்சை. உங்க ஓட்டுதான்."

எதிரொலி இரண்டு சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னும் ஆறு நாளில் இந்த ஆளுக்கு வேலை இல்லை; வேலை போனால் இந்த வீடும் இல்லை. எதையாவது காட்ட வேண்டும். மஞ்சளைக் காட்டினார். பளுதூக்கிக்காரர் சிரித்துக்கொண்டே உள்ளே பார்த்து, "தோத்துட்டேன்டி," என்றார்.

அந்தச் சனிக்கிழமை கரோக்கி அறையில் எந்தப் பாட்டும் சரியாக வரவில்லை. ரயில்வே கேட் பாட்டில் தாவல் வரும் இடத்தில் மூச்சே இல்லை. அக்கா துணியை மடித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "எத்தனை நாளைக்கு சார் இப்படி?"

"இருபத்தேழு வரைக்கும். அன்னைக்கு இன்னொரு சுற்று ஆளை எடுக்கறாங்க."

"அன்னைக்கு நீங்க சொல்லலைன்னா நின்னுடுமா அது?"

"நிக்காது. வேற ஆளை வெச்சுச் சொல்லுவாங்க."

"அப்புறம் எதுக்கு?"

"என் வாயால வேண்டாம்னுதான் அக்கா. ஒரு தடவை சொன்னது போதும்."

அக்கா சாவிக்கொத்தை இடுப்பில் திருப்பிச் செருகினாள்.

இருபத்தேழாம் நாள் பகல் பதினொரு மணிக்கு உணவுக்கூடம் நிரம்பி வழிந்தது. நீள மேசைகளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். முன்னால் ஒரு சிறு மேடை. மேலாளர் பக்கத்தில், வெளியூரிலிருந்து ஒரு நாளைக்கு வரவழைத்த மொழிபெயர்ப்பாளர், மொடமொடவென்று கழுத்துப்பட்டை கட்டிய ஆள், கையில் ஒலிவாங்கி. எதிரொலியை மேடைக்குக் கீழே ஒரு நாற்காலியில், நோட்டோடு உட்காரவைத்திருந்தார்கள். நாலாவது வரிசையில் அவர் மனைவி நின்றிருந்தாள். வேலை போன பழைய ஆட்கள் சிலரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மச்சினனும் இருந்தான்.

மேலாளர் பேசினார். வந்தவர் சொன்னார். நன்றி, நிலைமை, வருத்தம். பெயர்களைப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் எங்கோ ஒரு தலை குனிந்தது. பளுதூக்கிக்காரர் தன் பெயரைக் கேட்டதும் முதலில் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தார், அவனுடைய பெயர் என்பது போல. பிறகு நகத்திலிருந்த மஞ்சளைச் சுரண்ட ஆரம்பித்தார்.

எதிரொலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் சொல்லவில்லை, அவ்வளவு ஆறுதல். அந்த ஆறுதல் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

மேலாளர் சொன்னார்: குடியிருப்பில் உள்ளவர்கள் அடுத்த மாதக் கடைசிவரை இருக்கலாம். ஜப்பானிய மொழியில் "இந்த மாதம்" என்பதற்கும் "அடுத்த மாதம்" என்பதற்கும் முதல் அசையில்தான் வேறுபாடு. வந்தவர் விருந்தாளி; கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் வேகமாக முடிக்கப் பார்த்தார். "குடியிருப்பில் உள்ளவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்," என்றார்.

இந்த மாதத்தில் மூன்று நாள்தான் மீதி.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒரு பெண், "மூணு நாளா? மூணு நாள்ல எங்க போறது? பிள்ளைக்குப் பரீட்சை நடக்குது," என்றாள். அதுவரை அடங்கியிருந்தது எல்லாம் அந்த ஒரு சொல்லில் கிளம்பியது. சிலர் மேடையை நோக்கி வந்தார்கள். சிலர் வாசலுக்கு ஓடினார்கள், இப்போதே மூட்டை கட்ட வேண்டும் என்பது போல. ஒரு மேசை சரிந்தது.

எதிரொலி நோட்டில் அவசரமாக எழுதினார்: அடுத்த மாதம் என்று சொன்னீர்கள், இந்த மாதம் என்று சொல்லிவிட்டார். மேடை ஓரத்தில் நின்று நீட்டினார். மேலாளர் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு கோபம் என்று அவருக்கு விளங்கவில்லை. எதிரொலி அவருடைய காற்சட்டையைப் பிடித்து இழுத்தார். காவலாளி ஒருவர் இவர் கையைத் தட்டிவிட்டார். வந்த மொழிபெயர்ப்பாளர் ஒலிவாங்கியை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் போய்விட்டார்.

எதிரொலி தன் நாற்காலி மேல் ஏறி நின்றார். "நில்லுங்க," என்றார். சாதாரணக் குரல், இன்னும் மெலிந்த குரல், பக்கத்து ஆளுக்குக்கூடக் கேட்கவில்லை. கத்தினால் கிழியும் என்பது உடம்புக்குத் தெரிந்திருந்தது. மூச்சை இழுத்தார். அழுத்தாமல் விட்டார். குரல் ஒரே தாவலாக மேலே போயிற்று.

"இந்த மாசம் இல்லைங்கோ. அடுத்த மாசம்."

பெண்குரலும் இல்லை, ஆண்குரலும் இல்லை. மெல்லிய கம்பி போல அது கூடத்தின் அந்தக் கோடிவரை போயிற்று. ஓடியவர்கள் நின்றார்கள். யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்தவள்கூடக் கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள். எதிரொலிக்குக் காது இரண்டும் சூடேறியது. இறங்கிவிடலாம் போலிருந்தது. இறங்கவில்லை.

"அவர் தப்பா சொல்லிட்டாரு. அடுத்த மாசக் கடைசி வரைக்கும் இருக்கலாம். இதைத்தான் மேலாளர் சொன்னாரு. எழுதியும் கொடுப்பாங்க." அதே குரலில், ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியையும் நீட்டி, மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை.

பிறகு மேலாளர் பக்கம் திரும்பி, நடந்ததைத் தாழ்ந்த குரலில் ஜப்பானிய மொழியில் சொன்னார். மேலாளருக்கு இப்போது எல்லாமே புரிந்தது. பிழையும் புரிந்தது, அதைவிட முக்கியமான இன்னொன்றும் புரிந்தது.

"எப்போதிலிருந்து பேச முடிகிறது?" என்று கேட்டார்.

"பதினெட்டு நாளாக."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எனக்கும் அப்படி ஒன்று செய்யத் தோன்றியது," என்றார். "நாளைக் காலை எட்டு மணிக்கு வந்துவிடுங்கள். ஒவ்வொருவரோடும் பேச வேண்டியிருக்கிறது." பிறகு கையை நீட்டினார். எதிரொலி பையிலிருந்து கரோக்கி அறைச் சாவியை எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

அன்று மாலை வீட்டில் மனைவி தேநீர் போடவில்லை. "பதினெட்டு நாளா?" என்றாள். வெளியூர் மொழிபெயர்ப்பாளர் யாரிடமோ சொல்லி, உணவுக்கூடத்திலிருந்து குடியிருப்புக்கு அவர் நடந்து வருவதற்கு முன்பே அந்தச் செய்தி வந்து சேர்ந்திருந்தது. "ஆலைக்காரன்கிட்ட நடிச்சீங்க, சரி. நான் என்ன பண்ணேன்?"

"சொன்னா பட்டியலைச் சொல்ல வேண்டி வரும்னு..." என்று தொடங்கினார்.

"நான் உங்ககிட்ட பட்டியலா கேட்டேன்? சாப்பாடு நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

முன்னறையிலிருந்து மச்சினன் எழுந்து வந்தான். வாசற்படியில் நின்றான். "அக்கா, விடு," என்றான். பிறகு இரண்டு மாதத்தில் முதல் தடவையாக இவரைப் பார்த்துச் சொன்னான்: "அந்தக் குரல்ல அன்னைக்கு எங்கிட்ட சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன் மாமா." அதில் மன்னிப்பு இருந்ததா, குத்தல் இருந்ததா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. இரண்டு மொழி தெரிந்தும் தெரியவில்லை. மச்சினன் அடுத்த வாரம் வேறு ஊரில் ஒரு கிடங்கு வேலைக்குப் போய்விட்டான். போகும்போது சொல்லிக்கொண்டு போனான், அவ்வளவு உண்டு.

அந்த அறுபத்திரண்டு பேரில் குடியிருப்பில் இருந்தவர்கள் அடுத்த மாதம் முழுக்க ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். எதிரொலி தினமும் எட்டு மணிக்கு மேலாளருக்கு இடப்பக்கம் ஓரடி தள்ளி உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியதைச் சொன்னார். தாழ்ந்த குரலில், நிதானமாக. சிலர் அவரிடமே திட்டினார்கள். திட்டையும் மொழிபெயர்த்தார், ஒரு சொல் விடாமல். பளுதூக்கிக்காரர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்ததும், "சார், பச்சையே அடிச்சிருக்கலாம்," என்றார். என்ன சொல்கிறார் என்று மேலாளர் கேட்டார். எதிரொலி, வீட்டைப் பற்றிச் சொல்கிறார் என்றார். எட்டு வருடத்தில் அவர் சுருக்கிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு வருடத்துக்கு மூன்று மாதம் குறைவு. பயிற்சியை விடக் கூடாது என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். விட்டால் காய்ப்பு திரும்பும். கரோக்கி அறை இல்லை. விருந்தினர் விடுதி அக்கா, மொட்டைமாடியில் துணி காயும் நேரத்தில் வந்து பாடச் சொல்லிப் பார்த்தாள். அவர்தான் அவளுக்கு வம்பு வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்துகிறாள். "போங்க, இருபது நிமிஷம்," என்கிறாள். பழைய பேச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை அவர்களுக்குள். இது ஒன்றைத்தான் அவள் செய்கிறாள். அவர் உள்ளே போய், வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, நோட்டின் பின்பக்கத்தைத் திறக்கிறார். இசை கிடையாது, திரை கிடையாது. எந்தப் பாட்டுக்கு எந்தச் சுருதி என்ற எண்கள் மட்டும் இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வெகுநேரம் ஆகிறது. தண்ணீர் வீணாகப் போகிறதே என்று மேல்வீட்டுக்காரி தன் தரையைத் தட்டுகிறாள்.